டிராக்டருக்குப் பாதித் தண்ணீர்

போன வாரம் கிங்ஸ் சர்க்கிள் மேம்பாலத்துக்கு அடியில் மாப்பிள்ளையின் கார் நின்றுவிட்டது. நின்றது என்றால் சும்மா இல்லை. மூக்கு வழியாக ஆவி விட்டுக்கொண்டு, பின்னால் வந்த பஸ்காரர் எங்கள் குடும்பத்தின் மூன்று தலைமுறைகளை ஹிந்தியில் நலம் விசாரிக்கிற அளவுக்கு நின்றது. மாப்பிள்ளை பதறாத பிள்ளை. பானெட்டைத் திறந்து, சூடு ஆறும்வரை போனில் ஆபீசைப் பார்த்துவிட்டு, டிக்கியிலிருந்து பச்சைத் திரவம் நிறைந்த ஒரு கேனை எடுத்தார். பின் சீட்டிலிருந்து நான், கிழவர்களுக்கென்று விதித்திருக்கிற கடமையை விடாமல், "பாதிக்குப் பாதி தண்ணி கலந்தேளா, மாப்ளே?" என்று கேட்டேன்.

அவர் கேனைத் திருப்பி என் கண்ணாடிக்கு நேரே பிடித்தார். 'தண்ணீர் சேர்க்கக் கூடாது. அப்படியே ஊற்றவும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இப்போதெல்லாம் கலந்தே வருகிறதாம்.

அந்த நேரம் என்ஜினிலிருந்து ஒரு வாசனை வந்தது. சுட்ட இரும்பும் வெல்லப்பாகும் சேர்ந்தாற்போல ஒரு தித்திப்பு. மேம்பாலம், பஸ்காரர், மாப்பிள்ளை எல்லாம் மறைந்து, செம்பூரில் ஒரு மொட்டை வயலில், கையில் பிரித்த புத்தகத்தோடு நான் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் சேர்க்கக் கூடாது என்று அன்றைக்கு நானும் ஒருவனிடம் சொன்னேன். என்னுடைய துரதிருஷ்டம், சொல்லவேண்டிய காலத்துக்கு ரொம்ப முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

யுத்தம் முடிந்து ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருந்தது. பட்டாளத்தார் விட்டுவிட்டுப் போன சாமான்களை டிஸ்போஸல் சரக்கு என்று ஏலம் போட்ட காலம். டென்ட் துணி, கறுத்துப்போன பூட்ஸ், டப்பாவில் அடைத்த மாமிசம், ஜீப்பின் எலும்புக்கூடு என்று பம்பாயில் எது வேண்டுமானாலும் வாங்கலாம். தாராவி ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு இந்தச் சரக்கை வாங்கி விற்ற ஒரு குஜராத்தி சேட்டிடம் நான் டைப்பிஸ்ட். மாதுங்காவில் ஒரு பாலக்காட்டு மெஸ்ஸில் சாப்பாடும் படுக்கையும். காலையில் ரயில் பாலத்தைத் தாண்டி நடந்தால் இருபது நிமிஷத்தில் கொட்டகை. மாதுங்காவின் காபி வாசனை பாலத்தின் பாதிவரை கூட வரும். மறுபாதியில் தாராவித் தோல் வாசனை வந்து கூட்டிக்கொண்டு போகும். நடுவில் சரியாக ஒரு பத்தடி தூரம் எந்த வாசனையும் இருக்காது. நான் மூச்சு விடுவது அங்கேதான்.

கொட்டகையில் மெஷின்களைப் பிரித்துப் பூட்டுகிற பிட்டர் சுடலைமுத்து. சாத்தான்குளம் பக்கத்து ஆள். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். தோள் அகலத்தில் என்னைப்போல இரண்டு பேர். என்னைச் 'சாமி' என்பான், பக்தியால் அல்ல. நான் அவனை நீ என்பேன், அவன் என்னை நீர் என்பான். இருவரில் யார் யாரைக் கிண்டல் செய்கிறோம் என்று கேட்பவருக்குத் தெரியாது. மத்தியானம் என் தயிர்சாதத்தையும் அவன் கருவாட்டுக் குழம்பையும் ஒரே பலகையில் வைத்துக்கொண்டு, நடுவே ஒரு டயரை எல்லைக்கோடாகப் போட்டுச் சாப்பிடுவோம். அந்த ஊரில் எனக்கு மெஸ்ஸில் இருபது பேரைத் தெரியும். சிநேகிதன் என்று இருந்தது டயருக்கு அந்தப் பக்கம் ஒருவன்தான்.

சுடலைக்குக் கல்யாணம் ஆகி மூன்று வருஷம். பெண்டாட்டி பேச்சியம்மாளோடு சேர்ந்து இருந்தது மொத்தம் இருபத்தைந்து நாள். தாராவியில் அவன் இருந்த அறையில் பதினோரு பேர், ஷிப்டு போட்டுத் தூங்கினார்கள். "எம் பாய் சூடு ஆறுறதுக்குள்ள அடுத்தவன் வந்து படுத்துக்கிடுதான். இதுல அவள எங்கவே கொண்டாந்து வைக்க? செவுத்துல ஆணியடிச்சா?" என்பான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான்.

இப்படியிருக்கையில் கொட்டகைக்கு ஒரு டிராக்டர் வந்தது. யுத்தத்துக்கு முன்பே பிறந்தது. பின்னால் இரும்புச் சக்கரம், முன்னால் யாரோ குத்திவிட்ட மாதிரி நசுங்கிய ரேடியேட்டர். பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும். அதை வாங்கவென்று கல்யாணுக்கு அப்பாலிருந்து ஒரு மராட்டி அம்மாள் வந்தாள். நாம் அம்மா என்கிற மாதிரி, பாயி, பாயி என்றுதான் எல்லாரும் அவளைக் கூப்பிட்டார்கள். ஒன்பது கஜப் புடவை, ஆண்பிள்ளைக் குடை, புருஷன் இல்லை, நிலம் நிறைய. சேட்டின் பேச்சை முழுக்கக் கேட்டுவிட்டு, கடைசியில் சுடலையைப் பார்த்துப் பேசினாள். மழைக்கு முன்னே செம்பூரில் ஒரு வயலில் ஓட்டிக் காட்டவேண்டும். கொதிக்காமல், நிற்காமல் இரண்டு மணி நேரம் உழுதால் வண்டியையும் வாங்குவாள், ஓட்டியவனையும் வேலைக்கு வைத்துக்கொள்வாள். தொழுவத்துக்குப் பின்னால் ஓடு போட்ட ஓர் அறை இருக்கிறது. கதவு உண்டு. தாழ்ப்பாளும் உண்டு.

தாழ்ப்பாள் என்று கேட்டதும் சுடலையின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அன்று மத்தியானம் அவன் குழம்பு ஆறிப்போய்க் கிடந்தது.

ஆனால் வண்டி கொதித்தது. முற்றத்தில் அரைமணி ஓட்டினால் ரேடியேட்டர் மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி சீறும். குழாயைக் கழுவினான், விசிறி வாரை மாற்றினான், மூன்று தடவை கொதித்தது. அப்போதுதான் கொட்டகை மூலையில் கிடந்த பீப்பாய்கள் அவன் கண்ணில் பட்டன. குளிர் தேசத்தில் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்துபோகாமல் இருக்க ஊற்றுகிற மருந்து. பம்பாயில் இதை யார் வாங்குவார்? ஏலத்தில் எதனோடோ ஒட்டிக்கொண்டு வந்து சேட்டின் வயிற்றெரிச்சலாகக் கிடந்தது. ஆனால் பட்டாளத்து டிரைவர்கள் சுடலையிடம் சொல்லியிருந்தார்கள்: இதைக் கலந்தால் உறைவது மட்டுமல்ல, கொதிப்பதும் தள்ளிப்போகும்.

விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். பெட்ரோல் முதல் கிரீஸ் வரை எல்லாவற்றையும் அவன் நாக்கால்தான் சோதிப்பான். "பானகம் மாதிரில்லா இனிக்கி!" என்றான். பீப்பாயில் இருந்த மண்டையோட்டுப் படத்தை நான் காட்டியதும் துப்பு துப்பென்று துப்பினான். "முன்னாடியே சொல்லப்பிடாதாவே? பேச்சியத் தாலி அறுக்க வச்சிருப்பீரே!"

பிறகு டிராக்டரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை என்னிடம் நீட்டினான். "எவ்வளவு ஊத்தணும்னு படிச்சுச் சொல்லும்."

இங்கேதான் நான் என் லாக்டோமீட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதுங்காவில் அந்நாளில் பெரிய அரசியல் எது என்று கேட்டால் வெள்ளைக்காரன் போவதா இருப்பதா என்பதல்ல. வடநாட்டுப் பால்காரப் பையா தண்ணீர் கலக்கிறானா இல்லையா என்பதுதான். எங்கள் மெஸ்ஸில் இந்தக் கட்சிக்குத் தலைவன் நான். சம்பளத்தில் ஒரு லாக்டோமீட்டர் வாங்கி, தினமும் விடியற்காலை பால் பாத்திரத்தில் மிதக்கவிட்டு, பையாவின் முன்னால் தீர்ப்பு வாசிப்பேன். நாலாம் நாள் அவன் பாலே கொண்டுவரவில்லை. மூன்று நாள் மெஸ் முழுவதும் கறுப்புக் காபி குடித்தது. அதற்கு மறுநாள் என் கட்சியார் அத்தனை பேரும் பையாவின் கட்சியில் சேர்ந்து, அவன் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டிவந்தார்கள். இருந்தாலும் என் கொள்கை மாறவில்லை. பாலானாலும் மோரானாலும் டிகாக்‌ஷனானாலும், தண்ணீர் கலப்பவன் கஞ்சன் அல்லது திருடன். இது எங்கள் மெஸ்ஸில் வேதவாக்கு.

புத்தகத்தில் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருந்தது: மருந்து பாதி, உப்பில்லாத சுத்தத் தண்ணீர் பாதி. நான் படித்தேன். படித்ததும் எனக்கு வெள்ளைக்காரக் கம்பெனி மேல் கோபம் வந்தது. சிக்கனத்துக்காகப் பாதியாக்கச் சொல்கிறான், சரக்கு தட்டுப்பாடான காலத்தில் எழுதியிருப்பான் என்று நினைத்தேன். மூலையில் பீப்பாய் பீப்பாயாகக் கிடக்கிறது. என் சிநேகிதனுக்கு நான் தண்ணீர்விட்ட இரண்டாம் டிகாக்‌ஷனையா கொடுப்பேன்?

"தண்ணியே சேக்கப்படாது சுடலை. அப்படியே விடு. சுத்தமா, முதல் தரமா" என்றேன்.

"புத்தகத்துல அப்பிடியா போட்டிருக்கு?"

"பின்னே? நான் என்ன கதையா சொல்றேன்?"

அவன் தலையாட்டிவிட்டு, ஊற்ற ஆரம்பித்தான்.

செம்பூர் அப்போது ஊரே இல்லை. நாலு பங்களா, மீதி முள்ளும் வயலும். மே மாத வெயில். லாரியில் டிராக்டரைக் கொண்டுபோய் இறக்கினோம். பாயி ஒரு வேப்பமரத்தடியில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் புத்தகத்தோடு நின்றேன். எதற்கு என்று கேட்டால், கல்யாணத்தில் சாஸ்திரிகள் இல்லாமல் முடியுமா?

ஒரு மணி நேரம் அருமையாகப் போயிற்று. ஆவி என்ற பேச்சே இல்லை. சுடலை ஒவ்வொரு சுற்று வரும்போதும் என்னைப் பார்த்துத் தலைப்பாகையைத் தொட்டுக் காட்டினான். நான் சர் பட்டம் வாங்கியவன் போல நின்றேன். பிறகு சத்தம் மாறியது. என்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் டக் டக்கென்று ஆரம்பித்தது. இந்தத் தித்திப்பு வாசனை வந்தது. குழாய் மூட்டுகளில் மருந்து கசிந்து வழிந்தது. சுடலை நிறுத்திவிட்டு இறங்கி, விரல் நுனியால் தொட்டு, கையை உதறினான்.

"ஆவியே வரல, தொட்டா தோசக்கல்லுல்லா கெடக்கு! இதென்ன மாயமா இருக்கு?"

பாயி எழுந்து வந்தாள். "காய் ஜாலா?" என்றாள். என்ன ஆயிற்று? சுடலை கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க ஒன்றும் இல்லாதபோதும் துடைத்தான். பிறகு என்னிடம் தமிழில் சொன்னான்: "சாமி, வண்டிக்கு உள்ளேயே கோளாறு. எனக்குப் பிடிபடல. வாங்காண்டாம்னு அந்த அம்மாகிட்ட சொல்லிருவோம். பாவம், பணத்தப் போட்டு ஏமாறக்கூடாது. என் நேரம் அவ்வளவுதான்."

நான் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தேன்.

அந்த வயலில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் என் விரல் இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால், லாரியில் ஏறித் தாராவிக்குப் போவோம். நாளை மத்தியானம் டயருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். மறுநாளும் அப்படியே. ஒரு பீடி பற்றவைக்கிற நேரம் இருக்குமா? அவ்வளவு நேரம் நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நான் பேச்சியம்மாளை நினைக்கவில்லை. என் தயிர்சாதத்தைத்தான் நினைத்தேன்.

பிறகு சொன்னேன். "சுடலை, வண்டியில ஒண்ணும் கோளாறு இல்லே. பாதித் தண்ணி கலக்கச் சொல்லிப் போட்டிருக்கு."

"எங்க?"

"நாப்பத்திரண்டாம் பக்கத்துல."

"அன்னைக்கு எனக்குப் படிச்சுச் சொன்னது எந்தப் பக்கம்?"

"அதே பக்கந்தான்."

அவன் என்னைப் பார்த்தான். நல்லவேளை, அவன் கையில் ஸ்பானர் இல்லை. "வே, கிளார்க்கு! ஒமக்குப் படிப்புச் சொல்லிக்குடுத்த வாத்தியாரு இன்னும் உசுரோட இருக்காரா? இருந்தா விலாசம் குடும், நான் ஒருநடை போய்ப் பாத்துட்டு வாறேன்!"

பாயியிடம் அரைகுறை ஹிந்தியில் விளக்கினேன். அவள் குடையின் நிழலைப் பார்த்து நேரம் கணித்தாள். நாலு மணி ரயிலுக்குப் போகவேண்டும், அதற்குள் ஓடினால் ஓடட்டும் என்று மரத்தடிக்குப் போய், துணியை அவிழ்த்துச் சோளரொட்டி தின்ன ஆரம்பித்தாள்.

வயலில் ஒரு கிணறு இருந்தது. சுடலை அந்தத் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு. ரேடியேட்டர் சல்லடையெல்லாம் அடச்சிக்கிடும். ஸ்டேஷனுக்கு ஓடும், நல்ல தண்ணி கொண்டாரும்" என்றான். இரண்டு காலி டின்களைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மாதுங்கா மெஸ் உடம்பு. பாதி வழியில் நானே ஆவி விட்டேன்.

ஸ்டேஷனில் அந்நாளில் இரண்டு தண்ணீர்க்காரர்கள். ஒரு முனையில் இந்து பானி, மறுமுனையில் முஸ்லிம் பானி. நேரே இந்துப் பானைக்குப் போய் டின்னை நீட்டினேன். யாருக்கு என்று கேட்டான். "டிராக்டருக்கு" என்றேன். பிரயாணிகள் குடிக்கத்தான் தண்ணீர், மெஷினுக்குக் கிடையாது என்று பானையை மூடினான். மறுமுனையிலிருந்த கிழவர் இதைக் கேட்டுச் சிரித்து, "மெஷின் கோ பீ ப்யாஸ் லக்தீ ஹை, பேட்டா. இதர் ஆ" என்றார். மெஷினுக்கும் தாகம் எடுக்கும், இங்கே வா என்று. ஒரு டின்னை நிரப்பிக் கொடுத்தார். அதைப் பார்த்த முதல் ஆளுக்கு ரோஷம் வந்துவிட்டது. என் கையிலிருந்த இன்னொரு டின்னைப் பிடுங்கி, விளிம்பு வழிய நிரப்பி, "எந்தத் தண்ணியில ஓடுதுன்னு வந்து சொல்லிட்டுப் போகணும்" என்று ஹிந்தியில் மிரட்டினான். தோளில் கட்டையைக் கொடுத்து இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு வந்தேன். வழியில் சிந்தியது இரு தரப்பிலும் சமம் என்று சத்தியம் செய்வேன்.

வந்ததும் வராததுமாக டின்னைத் தூக்கி ஊற்றப் போனேன். சுடலை என் கையைப் பிடித்தான். "கொல்லாதீரும்வே! சுட்ட இரும்புல பச்சத்தண்ணி விழுந்தா வெடிச்சிரும். ஒக்காரும்."

உட்கார்ந்தோம். வண்டி ஆறும்வரை அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்பானர்களைத் துடைத்தான். அதைப்போல நீளமான முக்கால் மணி நேரத்தை நான் பிறகு ஆஸ்பத்திரி வராந்தாக்களில்கூடப் பார்த்ததில்லை. ஆறியதும் கீழே திருகைத் திறந்து மருந்து முழுவதையும் வடித்தான். கலந்து அளக்க ஏதாவது வேண்டுமே என்று, பிராயச்சித்தமாக, என் டிபன் டப்பாவை நீட்டினேன். தட்டிவிட்டான். "விஷம்வே! நாளைக்கு இதுலதான தயிர்சோறு திம்பீரு?" கோபத்தில் இருந்தவன்தான் சொன்னான். நான் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தேன்.

ஒரு மண்ணெண்ணெய் டின்னில் ஒரு பங்கு மருந்தும் ஒரு பங்கு தண்ணீருமாகக் குச்சியால் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். மருந்து கொதிக்காதே தவிர, சூட்டை வாங்கிக்கொண்டு போவது தண்ணீர்தான் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. மூட்டுகளை இறுக்கினான். கிளப்பினான். வண்டி பால் குடித்த கன்றுக்குட்டி மாதிரி சத்தம் கொடுத்தது. ஒரு சுற்று, பத்துச் சுற்று, வயல் முடிந்தது. டக் டக் வரவில்லை. பாயி கிட்டே வந்து ரேடியேட்டர் மேல் கையை வைத்துப் பார்த்து எடுத்தாள். குடையை மடக்கினாள். "பெஹலி தாரீக் கோ ஆஜா. பாயகோ கோ பீ லா" என்றாள். ஒன்றாம் தேதி வந்துவிடு, பெண்டாட்டியையும் கூட்டிவா.

சுடலை கும்பிட்டான். பிறகு உழுத மண்ணில் அப்படியே குந்தி உட்கார்ந்து, தலைப்பாகையை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டான். நான் புத்தகத்தை மூடினேன்.

அவன் புறப்பட்ட காலையில் கொட்டகை வாசலில் வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டிவிட்டு என்னிடம் வந்தான். "சாமி, ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு வண்டி நின்னப்ப கொஞ்ச நேரம் சும்மா நின்னீரே, எதுக்கு?"

"பக்கத்தைத் தேடிண்டிருந்தேன்."

"விரல அங்கதானவே வச்சிருந்தீரு."

அந்த விரலை மடக்கிக்கொண்டேன். அவன் என் தோளில் கையைப் போட்டு ஒரு குலுக்குக் குலுக்கினான்; எலும்பு இடம் மாறியது. "போவட்டும். சொல்லிட்டீருல்லா. நீரும் ஒருத்தியப் பாத்துக் கட்டிக்கிடும்வே. ஒத்தையில கெடந்து டயரப் பாத்துத் திங்காதீரும்" என்று சொல்லி லாரியில் தாவினான்.

இரண்டு மாதம் கழித்துக் கொட்டகைக்கு ஒரு கார்டு வந்தது. யார் கையைப் பிடித்து யார் எழுதியதோ, குண்டு குண்டான எழுத்தில் மூன்றே வரி. வண்டி கொதிக்கவில்லை. பேச்சி வந்துவிட்டாள். நீர் ஒருதரம் வாரும்.

கல்யாண் என்ன காசியா? ரயிலேறினால் ஒன்றரை மணி. அடுத்த ஞாயிறு போகலாம் என்று நினைத்தேன். பேச்சியம்மாள் இலை போட்டுப் பரிமாறும்போது, நான் வயலில் சும்மா நின்ற அந்தக் கொஞ்ச நேரம் என் எதிரே வந்து உட்கார்ந்துகொள்ளுமே என்று கூச்சமாக இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு மழை. பிறகு சேட் கொட்டகையை விற்றுவிட்டு ஊருக்குப் போனார், நான் கோட்டைப் பக்கம் ஓர் ஆபீசுக்கு மாறினேன், கல்யாணம் செய்துகொண்டேன், குழந்தைகள், வாடகை, மாற்றல். செம்பூர் வயலில் வீடுகள் முளைத்தன. ஸ்டேஷனில் இரண்டு பானைகளும் எந்த நாளில் எடுக்கப்பட்டன என்று யாரும் கவனிக்கவில்லை. அவை போனதில் எனக்கு வருத்தமும் இல்லை.

கடைசியில் ஓய்வு பெற்ற மறுமாதம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கிலோ பேரீச்சம்பழத்தோடு கல்யாணில் இறங்கினேன். ஆட்டோக்காரன் எங்கே போகவேண்டும் என்று கேட்டான். பாயி வீடு என்றேன். எந்த பாயி? பெயர்? கார்டு எந்த மாற்றலிலோ தொலைந்திருந்தது; அப்போதுதான் உறைத்தது, அவள் பெயரை எங்களில் ஒருவரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆற்றுப் பக்கம் நிலமும் தொழுவமும் என்று ஏதோ சொன்னேன். அவன் நல்லவன், மூன்று இடத்தில் நிறுத்தினான். மூன்றிலும் நாலு மாடிக் கட்டடங்கள். பால்கனிகளில் துணி காய்ந்தது.

மூன்றாவது இடத்தில் இறங்கி, தெருமுனையில் நின்றுகொண்டு, எனக்கே தெரியாமல் "சுடலை!" என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன். ஸ்கூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் மட்டும் தலையைத் தூக்கி, "கிஸ்கோ புலாயா, சாச்சா?" என்றான். யாரைக் கூப்பிட்டீர்கள்?

யாருமில்லை என்று சொல்லிவிட்டு, பேரீச்சம்பழத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.